போதைப்பொருளும் இளைஞரும்: கலேவெலப் பிரதேசத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

‘போதைக்கு அடிமையானவர்’ என்னும் தொடர் இன்று நமது செய்தித்தாள்களிலும் மேடைப் பேச்சுக்களிலும் எவ்விதத் தயக்கமுமின்றிக் கையாளப்படுகின்றது. சொற்களை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இத்தொடரை முதலிற் சற்று நிதானமாக நோக்க விரும்புகின்றேன். அடிமை என்பது தனித்து நிற்கும் பெயரன்று. ஆண்டான் ஒருவனை வேண்டிநிற்கும் உறவுச்சொல் அது. ஆளோலை எழுதித் தம்மையும் தம் வழியினரையும் விற்றுக்கொண்ட காலத்தில், அடிமைக்கு எதிரே நின்ற ஆண்டானுக்கு ஊரும் பேரும் இருந்தன. ‘போதைக்கு அடிமை’ என்னும்போதோ ஆண்டானின் இடத்தில் நிற்பது ஒரு பொடி, அல்லது ஒரு மாத்திரை. அப்பொடியை விளைவித்தவன், கடல் கடத்தியவன், பங்கிட்டவன், அதற்கு வாடிக்கை தேடிக்கொடுத்த சமூக நிலைமை ஆகிய அனைத்தும் அச்சொல்லின் பின்னே மறைந்துவிடுகின்றன. மனிதருக்கிடையிலான உறவு பொருள்களின் உறவாகத் தோற்றங்கொள்ளும் மாயத்தைப் பண்டத்தின் ஆய்விலே மாக்ஸ் விளக்கினார். நமது அன்றாட வழக்கிலுள்ள இத்தொடர் அம்மாயத்துக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

இலக்கிய மாணவனுக்கு இவ்விடயத்தில் என்ன வேலை என்று நண்பர் சிலர் வினவக்கூடும். நான் பிறந்து வளர்ந்த கலேவெலவில் அண்மைக் காலமாக எந்த வீட்டுக்குச் சென்றாலும் பேச்சு ஈற்றில் இவ்விடயத்திலேயே வந்து நிற்கின்றது. அங்கு நான் கேட்பவை இரண்டே விளக்கங்கள்: ஒன்று, பிள்ளை வளர்ப்புப் பிழைத்துவிட்டது, மற்றது, வேற்றினத்தார் திட்டமிட்டுக் கொண்டுவந்து விற்கின்றனர். முதலாவது தாய்மாரைக் குற்றவாளிகளாக்குகின்றது. இரண்டாவது அயலவரைப் பகைவராக்குகின்றது. இவ்விரண்டும் போதியனவல்ல என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் உடல் பற்றிய உண்மைகளை ஏற்றுக்கொள்ளல் வேண்டும். ‘சமூகம் மாறினால் எல்லாம் மாறும்’ என்று கூறி உடலியலைத் தட்டிக்கழிக்கும் போக்கு நம்மவரிடையே உண்டு. அது பொருள்முதல்வாதம் ஆகாது. ஹெரோயின் போன்ற அபின்வழிப் பொருள்களைத் தொடர்ந்து உட்கொள்ளும் ஒருவரின் நரம்பு மண்டலம் அப்பொருளின் இருப்புக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கின்றது. இதனாலேயே முன்பு போதுமாயிருந்த அளவு பின்பு போதாமற் போகின்றது. நிறுத்தியதும் உடல் நோவு, வயிற்றோட்டம், உறக்கமின்மை, நடுக்கம் ஆகியன தோன்றுகின்றன. ஹெரோயின் பாவிப்போர் பலர் ஒரு கட்டத்துக்குப் பின் இன்பத்தைத் தேடியன்று, இவ்வேதனையைத் தவிர்க்கவே அதனை நாடுகின்றனர். 1993 இல் றொபின்சன், பெரிஜ் என்னும் ஆய்வாளர் இருவர் முன்வைத்த கருத்து இன்னும் நுட்பமானது. மூளையில் ‘வேண்டும்’ என்னும் உந்துதலும் ‘பிடித்திருக்கிறது’ என்னும் உணர்வும் வெவ்வேறு வழிகளில் இயங்குகின்றன என்றும், டோபமைன் என்னும் இரசாயனம் முதலாவதுடனேயே பெரிதும் தொடர்புடையது என்றும் அவர்கள் காட்டினர். பழக்கம் முற்றிய நிலையில் விருப்பம் தேய்ந்துபோக, வேட்கை மட்டும் வளர்ந்து நிற்கும். “எனக்கு இது பிடிக்கவேயில்லை, ஆனால் விடமுடியவில்லை” என்று ஓர் இளைஞன் கூறும்போது அவன் பொய்யுரைக்கின்றான் என நினைக்கும் பெற்றோர் இதனை மனங்கொளல் நன்று. தீர்மானங்களையும் தன்னடக்கத்தையும் ஆளும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ச்சியடைந்துகொண்டே இருக்கின்றது என்பதும், இளமையில் தொடங்கும் பழக்கம் ஏன் ஆழமாக வேரூன்றுகின்றது என்பதை ஓரளவு விளக்கும்.

எனினும், உடலியல் மாத்திரமே போதுமாயின் ஒருமுறை இந்நிலைக்குட்பட்டவர் எவ்விடத்தும் ஒரேவிதமாகவே நடந்துகொள்ளல் வேண்டும். உண்மை அவ்வாறன்று. வியட்நாம் யுத்தத்திற் பங்குகொண்டு 1971 இல் நாடு திரும்பிய அமெரிக்கப் படையினரை லீ றொபின்ஸ் என்னும் சமூகவியலாளர் ஆராய்ந்தார். அவர்களுள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் வியட்நாமில் இருந்த காலத்தில் அபின்வழிப் பொருள்களிலே தங்கியிருந்தோர். நாடு திரும்பிய முதலாண்டில், இவ்வாறு தங்கியிருந்தோருள் மீண்டும் அந்நிலைக்குச் சென்றோர் நூற்றுக்கு 5 பேரளவினரே. அரசாங்கமே எதிர்பாராத முடிவு இது. நாடு திரும்புமுன் அவர்கள் போதையிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்தனர் என்பது உண்மையே. ஆயினும் அதே விதமாக விடுவிக்கப்பட்டு, அதே தெருவுக்கும் அதே வேலையின்மைக்கும் திரும்பிய பிற நகரங்களின் இளைஞர் பெருந்தொகையினராய் மீண்டும் பழக்கத்தில் வீழ்ந்தனர். படையினரோ யுத்தகளம் என்னும் சூழலை முற்றாகவே விட்டு வந்தவர்கள். பொருள் அதே பொருள், நரம்பு அதே நரம்பு, மாறியது வாழ்க்கை. இந்த ஓர் உதாரணம் பல நூல்களுக்குச் சமம் என்பது எனது எண்ணம்.

மதத்தை அபினுக்கு ஒப்பிட்ட மாக்ஸின் கூற்றை அறியாதார் இலர். அபின் என்னும் பண்டத்தைப் பற்றியே அவர் எழுதியவற்றைப் படித்தோர் குறைவு. 1858 இல் நியூ யோர்க் டெய்லி ட்ரிபியூன் பத்திரிகையில், பிரித்தானியர் இந்தியாவிற் கசகசாவைப் பயிரிடுவித்துச் சீனாவிற் சட்டவிரோதமாக அபின் விற்ற வணிகத்தை அவர் அம்பலப்படுத்தினார். ஏங்கல்ஸோ 1845 இலேயே, இங்கிலாந்துத் தொழிலாளரின் குடிப்பழக்கத்தை அவர்தம் ஒழுக்கக்கேடாகக் கொள்ளாது, நீண்ட வேலைநேரம், புகையும் ஈரமும் நிறைந்த குடியிருப்பு, வேறு இளைப்பாறுதலின்மை ஆகியவற்றின் விளைவாகக் கண்டார். வேலைக்குச் செல்லும் தாய்மார் குழந்தைகளை உறங்கவைக்க அபின் கலந்த மருந்தைப் புகட்ட நேர்ந்தமையையும் அவர் பதிந்துள்ளார். முதலாளித்துவம் வேலைநேரத்தைப் பறித்தபோது தாலாட்டின் இடத்தை அபின் எடுத்துக்கொண்டது.

நமது நாட்டிலும் இவ்வரலாறு உண்டு. பிரித்தானியர் ஆட்சியிற் சாராயக் குத்தகை அரசிறையின் முக்கிய தூண்களுள் ஒன்றாய் விளங்கியது. ஏலத்திற் குத்தகை எடுத்தோர் தவறணைகளைத் திறந்தனர். கோப்பித் தோட்டங்கள் பெருகிய மலைநாட்டில் அவை விரைவாகப் பரவின. மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாய் வந்து, வழியிலே கொள்ளைநோய்க்கும் பசிக்கும் பலரைப் பறிகொடுத்த தென்னிந்தியத் தொழிலாளரின் கூலிப்பணத்தில் ஒரு பகுதி தவறணைக்கே திரும்பியது. இலங்கையரான முதலாளி வர்க்கத்தின் ஆரம்ப மூலதனத்திற் சாராயக் குத்தகை வகித்த இடத்தைக் குமாரி ஜயவர்தன 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் விரிவாக நிறுவியுள்ளார். 1912 இல் புதிய கலால் ஏற்பாட்டின்கீழ்க் கள்ளுத் தவறணைகள் பெருகியபோது மதுவிலக்கு இயக்கம் வீறுகொண்டெழுந்தது. அன்னிய ஆட்சிக்கு எதிரான உணர்வு அதிலே இருந்தது. எனினும் அதன் தலைமை வசதிபடைத்தோர் கையிலேயே இருந்தமையால், குடிப்பவனின் ஒழுக்கம் பேசப்பட்ட அளவுக்கு அவனது கூலி பேசப்படவில்லை.

தமிழிலக்கியம் இவ்வகையிற் சுவையான சான்று தருகின்றது. 1929 இல் இராஜாஜி திருச்செங்கோட்டு ஆச்சிரமத்திலிருந்து ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்கு இதழை நடத்தினார். கல்கி அதன் பணியிலே துணைநின்றார். அக்கால மதுவிலக்குக் கதைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. குடிகாரக் கணவன், கண்ணீர் வடிக்கும் மனைவி, பட்டினி கிடக்கும் குழந்தை, ஒரு பேரிழப்பு, அதன்பின் மனமாற்றம். கள்ளுக்கடையை ஏலத்தில் எடுத்தவனை இக்கதைகளுட் பொதுவாகக் காண்பதற்கில்லை. இதே கதையமைப்பு நமது இன்றைய விழிப்புணர்வு நாடகங்களிலும் அப்படியே தொடர்கின்றது. கள்ளுப்பானைக்குப் பதிலாகப் பொலித்தீன் பொட்டலம் வந்திருக்கின்றது, அவ்வளவே.

இனிக் கலேவெலவுக்கு வருவோம். குருநாகலிலிருந்து தம்புள்ளை வழியாகத் திருகோணமலை செல்லும் ஏ-6 நெடுஞ்சாலையில் அமைந்த சிறுநகரம் அது. சிங்களவரோடு முஸ்லிம்களும் தமிழரும் அயலயலாக வாழும் பிரதேசம். தேவஹூவ போன்ற குளங்களை அண்டிய நெல்வயல்களும், மேட்டுநிலத்தின் சேனைகளும், மரக்கறித் தோட்டங்களும் அதன் வாழ்வாதாரம். சிறுபோகத்திற் பெரிய வெங்காயம் இங்கு முக்கிய பயிர். ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தொலைவிலுள்ள தம்புள்ளையில் 1999 இல் விசேட பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்டபின், இப்பகுதியின் பொருளாதாரம் முழுவதும் அதனைச் சுற்றியே சுழலத் தொடங்கியது. நாட்டின் நாற்றிசையிலிருந்தும் லொறிகள் இரவிரவாக வந்து சேர்கின்றன.

வெங்காயச் செய்கையாளனின் நிலையை அறியாது அவனது மகனின் நிலையை அறிய முடியாது. விதை, உரம், கிருமிநாசினி அனைத்தும் கடனிலே வருகின்றன. அறுவடை வேளையில் இந்திய வெங்காயம் துறைமுகத்தில் இறங்கினால் விலை சரிகின்றது. இறக்குமதித் தீர்வையை எந்த வாரத்தில் உயர்த்துவது, எந்த வாரத்தில் தளர்த்துவது என்பதைத் தீர்மானிப்போர் வயலுக்கு வருவதில்லை. சேமிப்பு வசதியற்ற சிறு விவசாயி கேட்ட விலைக்கு விற்றே ஆகவேண்டும். இதனைக் கண்டு வளரும் மகனுக்கு மண்வெட்டியில் நம்பிக்கை பிறப்பதில்லை. சாதாரண தரப் பரீட்சையுடன் படிப்பு நின்றவனுக்கு எஞ்சியிருப்பவை மூட்டை சுமக்கும் நாட்டாமை வேலை, லொறி உதவியாளர் வேலை, முச்சக்கர வண்டி, படையிற் சேருதல், மத்திய கிழக்கு. முதல் மூன்றும் நாட்கூலி; பணம் அன்றன்றே கைக்கு வரும், ஆனால் நாளை உண்டா என்பது தெரியாது. இரவு முழுவதும் விழித்திருந்து, பகலில் உறங்கி, போகம் முடிந்ததும் மாதக்கணக்கில் சும்மா இருக்கும் வாழ்க்கை அது.

‘ஐஸ்’ எனப்படும் மெதம்பெற்றமைன் இவ்வகை வாழ்க்கைக்குப் பொருந்திவருவது தற்செயலன்று. 1893 இல் ஜப்பானில் முதன்முதல் ஆக்கப்பட்ட இப்பொருள், இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஜேர்மனிய, ஜப்பானியப் படையினருக்கு உறக்கத்தை விரட்ட வழங்கப்பட்டது. ஜப்பானில் யுத்தத் தொழிற்சாலைகளிலும் புகுந்தது. அங்கு அதற்கிடப்பட்ட வணிகப்பெயர் பிலோபோன். உழைப்பின் மீதான காதல் என்று பொருள்தரும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது அப்பெயர். இதைவிடக் கூர்மையான அங்கதத்தை எந்தப் புனைகதையாசிரியனும் படைத்துவிட முடியாது. உறக்கத்தையும் பசியையும் களைப்பையும் மறக்கச்செய்து வேலைநாளை இரவுக்குள்ளும் நீட்டும் கருவி அது. பின்னர் அதற்கான விலையை உடல் செலுத்துகின்றது: சோர்வு, சந்தேகம், சிலரிடம் மனப்பிறழ்வு. நரம்பு நோவுக்கும் வலிப்புக்கும் மருத்துவர் எழுதும் பிறிகபலின் குளிகைகளும் இன்று நாடெங்கும் தவறாகப் பாவிக்கப்படுகின்றன. அவை மலிவானவை, சட்டைப் பையில் மறைக்க எளியவை. ஹெரோயினும் ஒருகாலத்தில் மருந்துக்கடைப் பண்டமே என்பதை மறத்தலாகாது. 1898 இல் பெயர் என்னும் ஜேர்மனியக் கம்பனி அதனை இருமல் மருந்தாகச் சந்தைப்படுத்தியது.

சென்ற ஆண்டுகளில் ஒருநாள் மூட்டை தூக்கும் இளைஞன் ஒருவனோடு உரையாட நேர்ந்தது. எனது தம்பியோடு படித்தவன். ஏன் தொடங்கினாய் என்று கேட்டேன். “சேர், முதல்ல வேலைக்காகத்தான். ரெண்டு லோட் ஏத்துற இடத்தில நாலு லோட் ஏத்தலாம்” என்றான். பிறகு? “பிறகு அது இல்லாம ஒரு லோட்கூட ஏத்த ஏலாமப் போச்சு.” தன் தாயைப் பற்றி வினவியபோது மட்டும் அவன் பேச்சை நிறுத்திவிட்டான். ஒருவனின் கூற்றை வைத்து ஒரு பிரதேசத்தை அளந்துவிட முடியாது. எனினும் பொருளும் உழைப்பும் சந்திக்கும் புள்ளியை அவன் என்னைவிடத் தெளிவாகக் கூறினான் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

இவ்விடத்து ஒரு மறுப்பை எதிர்கொள்ளல் அவசியம். வசதிபடைத்த வீட்டுப் பிள்ளைகளும் பாவிக்கின்றனரே, வறுமையா காரணம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வறுமையே போதையை உண்டாக்குகின்றது என்பது எனது வாதமன்று. அவ்வாறாயின் மிக வறியோரே மிகுதியாகப் பாவிப்போராய் இருத்தல் வேண்டும். தொடங்குவது எவ்வர்க்கத்திலும் நிகழலாம்: நட்பு, துணிவைக் காட்டும் ஆசை, துயரம், வெறும் ஆர்வம். மீள்வதற்கான வழிகளே வர்க்கத்தால் நிர்ணயிக்கப்படுகின்றன. கொழும்பின் செல்வன் தனியார் மருத்துவமனையில் இரகசியமாகச் சிகிச்சை பெற்றுப் பின் வெளிநாட்டுக்குப் படிக்கச் செல்கின்றான். கலேவெலவின் நாட்கூலி நீதவான் முன் நிறுத்தப்படுகின்றான்.

அரசின் அணுகுமுறை சட்டங்களின் வரலாற்றிற் புலனாகின்றது. 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே இன்றும் அடிப்படையாக உள்ளது. திறந்த பொருளாதாரத்தோடும் உல்லாசப் பயணத்துறையோடும் ஹெரோயின் நாட்டிற் பரவத் தொடங்கிய 1980 களில், 1984 ஆம் ஆண்டுத் திருத்தம் 2 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெரோயினை வைத்திருப்போருக்கு மரண தண்டனையோ ஆயுட்சிறையோ விதிக்க வழிசெய்தது. அவ்வாண்டிலேயே தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் அமைக்கப்பட்டது. 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றக் கட்டளையின் பேரில் ஒருவரைக் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்ப இடமளித்தது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மெதம்பெற்றமைன் சேர்க்கப்பட்டது. 1976 இன் பின் நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2019 இல் போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரின் மரண ஆணையில் அன்றைய ஜனாதிபதி கையொப்பமிட்டபோது உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. தண்டனை இவ்வாறு கடுமையாகிக்கொண்டே போன நான்கு தசாப்தங்களிற்றான் ஹெரோயின் நகரச் சந்துகளிலிருந்து கிராமங்களுக்குப் பரவியது. அதன்பின் ஐஸும் வந்தது.

2023 டிசம்பர் 17 ஆம் நாள் தொடங்கிய ‘யுக்திய’ நடவடிக்கையின் முதற் சில வாரங்களிலேயே 29,000 இற்கும் மேற்பட்டோர் கைதானதாக ஐக்கிய நாடுகள் மனித உரிமை நிபுணர்கள் 2024 ஜனவரியிற் சுட்டிக்காட்டி, அதனை உடனே இடைநிறுத்தி மீளாய்வு செய்யுமாறு கோரினர். கைதானோருட் பெருங் கடத்தல்காரர் எத்தனைபேர் என்பதைச் சிறைச்சாலை வாசலில் நிற்கும் தாய்மாரின் உடுப்பைப் பார்த்தே ஊகித்துக்கொள்ளலாம்.

கட்டாயப் புனர்வாழ்வு பற்றி இன்னும் சற்று விரிவாகப் பேசவேண்டும். ஏனெனில் எங்கள் ஊர்ப் பெற்றோர் பலருக்கு அதுவே இறுதி நம்பிக்கையாக இருக்கின்றது. பொலன்னறுவை மாவட்டத்தின் கந்தக்காடு நிலையம், 2009 இல் யுத்தம் முடிந்தபின் முன்னாள் போராளிகளைத் தடுத்துவைத்த இடம். பின்பு அதே வேலிக்குள் போதைப்பொருள் பாவித்தோர் கொண்டுவரப்பட்டனர். 2022 ஜூன் மாதத்தில் அங்கு தடுத்துவைக்கப்பட்டிருந்த ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டு நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். அம்மரணம் தொடர்பாகப் படையினர் சிலர் கைதுசெய்யப்பட்டனர். 2023 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கப் புனர்வாழ்வுப் பணியகச் சட்டம் இவ்வமைப்பை நிலைப்படுத்தியது. கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடி, சமூகத்தினுள்ளேயே தன்விருப்பச் சிகிச்சை அளிக்குமாறு ஐ.நா. வின் 12 அமைப்புக்கள் 2012 இலேயே கூட்டாகக் கோரியிருந்தன. நோயாளியையும் கைதியையும் ஒரே பாயிற் படுக்கவைப்பது சிகிச்சையாகாது. வியட்நாமிலிருந்து திரும்பியோரின் அனுபவம் கற்பிப்பதும் இதுவே: வெளியேற்றப்பட வேண்டியது ஆள் அன்று, அவன் சென்று விழும் நிலைமை.

பிற நாடுகளில் வேறு வழிகள் முயலப்பட்டுள்ளன. 1960 களின் நடுப்பகுதியில் நியூ யோர்க்கில் டோல், நைஸ்வான்டர் என்போர் தொடக்கிய மெதடோன் சிகிச்சை, மருத்துவ மேற்பார்வையில் மாற்று மருந்தளித்து, ஒருவர் வேலைக்கும் வீட்டுக்கும் திரும்ப இடந்தருகின்றது. போர்த்துக்கல் 2001 இல் சொந்தப் பாவனைக்கான சிறு அளவை வைத்திருத்தலைக் குற்றவியற் சட்டத்திலிருந்து நீக்கி, அவ்வாறு பிடிபடுவோரை மருத்துவரும் சமூகப் பணியாளரும் இடம்பெறும் குழுக்களுக்கு அனுப்பியது. அங்கும் சிகிச்சைக்கான நிதி குறைந்த வேளைகளில் சிக்கல்கள் தலைதூக்கின. சட்டத்தை மாற்றுவது மட்டும் போதாது என்பதற்கு அது சான்று. மீண்டும் பாவித்தல் என்பது நீரிழிவு நோயாளியின் சர்க்கரை மீண்டும் ஏறுவதைப் போன்று சிகிச்சையின் போக்கில் எதிர்பார்க்கத்தக்க ஒன்று; அதனைத் துரோகமாகக் கொள்ளும் மனப்பாங்கே பல குடும்பங்களை உடைக்கின்றது.

வேற்றினத்தார் கொண்டுவருகின்றனர் என்ற கதைக்கு வருவோம். ஈரான் பக்கக் கடலிலிருந்து மீன்பிடிப் படகுகளில் வரும் சரக்குக்கும், பாக்கு நீரிணை கடந்து வரும் கேரளக் கஞ்சாவுக்கும் மதமோ மொழியோ கிடையாது, இலாபம் உண்டு. கடத்தல் வலையில் மூவினத்தாரும் இணைந்தே தொழில் செய்கின்றனர் என்பதை நீதிமன்றச் செய்திகளைத் தொடர்ந்து படிப்போர் அறிவர். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின் இவ்வகை வதந்திகள் கலேவெல போன்ற கலப்பு ஊர்களில் எத்தனை கடைகளின் வாடிக்கையைக் கெடுத்தன என்பதை அங்குள்ளோர் அறிவர். பெண்களைப் பற்றியும் ஒரு சொல். பாவிக்கும் பெண்கள் இல்லாமலில்லை. அவமானத்துக்கு அஞ்சி அவர்கள் சிகிச்சை நிலையத்தின் படியை மிதிப்பதேயில்லை. பாவிக்காத பெண்கள் நகையை அடகுவைத்துப் பிணைப்பணம் கட்டுகின்றனர்.

மேலே குறிப்பிட்ட இளைஞன் பின்னர் நீதிமன்றக் கட்டளையின் பேரிற் புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்டு, சில மாதங்களின் பின் ஊர் திரும்பினான். உடல் தேறியிருந்தது. வெங்காயப் போகம் முடிந்திருந்த காலம். முன்பு வேலை கொடுத்த கடை முதலாளி, பொலிஸிலிருந்து நற்சான்றுக் கடிதம் கொண்டுவந்தாற் பார்க்கலாம் என்று கூறியிருந்தார். பொலிஸிலோ, நிலையான தொழில் இருப்பதாக முதலாளியிடமிருந்து கடிதம் கேட்டனர். இரண்டு கடிதங்களையும் எழுதித் தரமுடியுமா என்று அவனது தாய் என்னிடம் வந்து கேட்டார், நான் படித்தவனல்லவா. ஒன்றை எழுதிக் கொடுத்தேன். அதனை எடுத்துக்கொண்டு அவர்கள் தம்புள்ளைக்குப் பஸ் ஏறியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.